லாரிப் பலகையில் நான்கு பெட்டிகள்

பழைய லாரியின் பலகையை அறுத்தால் அது சுமந்த சரக்கின் வாசம் வரும். வெங்காயம் ஏற்றிய பலகையின் வாசம் ஒரு மாதிரி, உப்பு ஏற்றியது ஒரு மாதிரி, கோழித் தீவனத்துக்குக் கருவாட்டுத் தூள் ஏற்றிய பலகை என்றால் கேட்கவே வேண்டாம், அதை அறுக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டுப் பூனை ரம்பத்தை விட்டு நகராது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்னால், ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. எங்கள் பேச்சில் அது ‘சாளை’. மாடு கட்டிய காலம் போய், நான் சிறுவனாக இருந்தபோது அது என் அப்பாவின் அப்பா உட்கார்ந்து பெட்டி செய்கிற இடமாக ஆகியிருந்தது. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கத்தில் ‘அப்பாரு’ என்போம். மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு அதே மனிதர் ‘அப்புச்சி’.

அப்பாரு தச்சர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். கண் மங்கி ஸ்டியரிங்கை விட்ட பிறகு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்குப் போய், கழற்றிப் போட்ட பலகைகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வருவார். அவர் செய்கிற பெட்டி எதுவும் நாலு மூலையும் ஒழுங்காக நின்றதில்லை. மேசையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடும். அதற்குக் காகிதம் மடித்து அண்டை கொடுத்துவிட்டு, தரைதான் சரியில்லை என்பார். ஆனால் அலங்காரத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார். விளிம்பெல்லாம் பித்தளைக் குமிழ் ஆணி, மூடியில் லாரிக்கு ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டிய தாமரை, இரண்டு பக்கமும் மயில், முன்னால் எனாமல் பெயிண்டில் பிள்ளையின் பெயர். ராத்திரி டார்ச் அடித்தால் தாமரை மட்டும் தனியாக மினுங்கும். பெயர் எழுதுவது மட்டும் பட்டறைப் பெயிண்டர். லாரியின் நெற்றியில் ஓனர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதுகிற அதே கொழுத்த எழுத்தில், நிழல் விழுகிற மாதிரி எழுதித் தருவார்.

எதற்குப் பெட்டி என்று அம்மா ஒரு நாள் கேட்டுவிட்டார். இரும்பு பீரோ இருக்கிற வீட்டில் இது என்னத்துக்கு என்பது அவர் எண்ணம். அப்பாரு உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“வண்டி மொதலாளிது, ரோடு சர்க்காருது. சீட்டுக்கடியில இருந்த பொட்டி மட்டுந்தான் அம்மிணி என்ரது. அதத் தொறக்கறதுக்கு ஒருத்தனக் கேக்க வேண்டீதில்ல. பிள்ளைகளுக்கும் அப்படி ஒண்ணு வேணுமல்ல?”

எனக்கு ஒன்று, என் தங்கைக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகள் அந்தக் கோடையில் முடிந்தன. என் பெட்டியில் நான் வைத்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள்: விழுந்த பல், கண்ணாடிக் கோலி, செத்துப்போன பொன்வண்டு. தங்கை தன் பெட்டியில் ஒன்றுமே வைக்காமல், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் ஆயிற்றே, வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மறுநாளே அப்பாரு இன்னொரு பலகையை எடுத்துப் போட்டு அளக்கத் தொடங்கினார். யாருக்கு என்று கேட்டேன்.

“அத்த பிள்ளைகளுக்குச் சாமி. அதுகளும் பேரப்பிள்ளைக தான?”

அத்தை வீடு ஜேடர்பாளையத்தில். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்போது போக்குவரத்து நின்று நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. நான் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவனாக இருந்தபோது நடந்ததை அம்மா சொல்லிக் கேட்டதுதான். அத்தை மகன் செந்திலுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் என் அப்பா. அவரும் லாரி டிரைவர்தான். ஆந்திராவிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டிக்கு வழியில் ஆக்ஸில் உடைந்துவிட்டது. நல்ல நேரம் தாண்டிப் போகிறதே என்று அத்தையின் வீட்டுக்காரர், அத்தைக்கு அண்ணன் முறையாகிற யாரோ ஒருவரை உட்கார வைத்துக் காது குத்தி முடித்துவிட்டார். கிரீஸ் படிந்த சட்டையோடு சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பா உள்ளே நுழைந்தபோது, பிள்ளை வேறொருவர் மடியில் அழுதுகொண்டிருந்தான். தட்டை அப்படியே வாசலில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிட்டார். அத்தை பின்னாலேயே ஓடி வந்து “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டாராம். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாரு மட்டும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்காக அப்பா அவரோடும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

அதனால் செந்திலுக்கும் அவன் தங்கைக்கும் பெட்டி செய்வது எங்கள் வீட்டில் சாதாரண காரியமாக இல்லை. அப்பா ஒரு டிரிப் முடித்து வந்து, சாளையில் எட்டிப் பார்த்து, ‘செந்தில்’ என்று எழுதியிருந்ததைப் படித்தார்.

“செய்யறதச் செஞ்சு வெச்சுக்குங்க. இது அந்த ஊட்டு வாசப்படி ஏறுச்சுன்னா, நான் இந்த ஊட்டு வாசப்படி ஏற மாட்டேன்.”

அப்பாரு அடுத்த குமிழ் ஆணியை எடுத்து அடித்தார். மகன் சம்பாதிக்கிற வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் வேறென்ன செய்வார்? ஆனால் வாசப்படி ஏறினால்தானே? ஆற்றங்கரைக்கு வாசப்படி ஏது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு, உரச் சாக்கில் இரண்டு பெட்டிகளையும் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நாமக்கல்லில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். உட்கார இடம் கிடைக்காமல், சாக்கைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, யாருடைய கால் பட்டாலும் “பாத்துங்க, பாத்துங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே முட்டை இருக்கிறது என்று கண்டக்டர் நினைத்திருக்க வேண்டும்.

ஜேடர்பாளையம் அணைக்கட்டில் அன்று ஒரே தலையாகத் தெரிந்தது. நனைந்த சேலைகள், மீன் வறுக்கிற புகை, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அலறுகிற மைக். அந்தக் கூட்டத்தில் அத்தையை அப்பாரு எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். பெற்றவருக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும் போலிருக்கிறது. ஒரு மரத்தடியில் சோற்றுப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த அத்தை, தலையைத் தூக்கித் தன் அப்பாவைப் பார்த்ததும் முதலில் செய்தது, திரும்பி ஆற்றின் பக்கம் பார்த்ததுதான். அங்கே தண்ணீரில் அவர் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அப்பாரு சாக்கைப் பிரித்து மூடியை மட்டும் காட்டினார். வெயிலில் ரேடியம் தாமரை கண்ணைக் கூச வைத்தது. அத்தை அதைத் தொட்டார். பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். அவர் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றே நான் நினைத்தேன்.

“வேண்டாமுங்க அப்பா.”

“நான் ஊட்டுக்கு வல்லியே கண்ணு. ஆத்தங்கரையில பிள்ளைக கையில குடுத்துட்டுப் போறேன்.”

“நீங்க குடுத்து நான் வாங்கிக்கிட்டேன்னா, அவ்வளவுதான்னு ஆயிப்போயிருமுங்க. அப்புறம் அண்ணன் எதுக்கு வருது? அண்ணன் வரட்டும். அது கையில குடுத்தனுப்புங்க. வாசல்ல நின்னு அன்னைக்கு எப்படிக் கூப்புட்டேன், ஒரு வாட்டி திரும்பிப் பாத்துச்சா?”

அப்பாரு சாக்கைத் திரும்ப மூடினார். பிள்ளைகளைக் கிட்டேயாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். “அவுங்க அப்பாவும் கூட இருக்குதுங்க, நோம்பி நாளுல வம்பு வேண்டாமுங்க” என்றார் அத்தை. சொல்லும்போதே அழுதார். அழுதுகொண்டே, ஏற்கனவே கட்டிவிட்ட பாத்திரத்தை அவிழ்த்து, எனக்கு ஒரு உருண்டை எலுமிச்சைச் சோறு எடுத்துக் கையில் வைத்தார். நான் அதைத் தின்று முடிக்கும் வரை அப்பாரு ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த பத்து இருபது பிள்ளைகளில் எது செந்தில் என்று அவருக்கு அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த இரண்டு பெட்டிகளும் மறுபடி உரச் சாக்கில் ஊர் வந்து சேர்ந்தன. சாளையின் மூங்கில் பரணில், மிச்சப் பலகைகளுக்கு நடுவில் அவற்றைச் செருகி வைத்தார். தீபாவளி, பொங்கல் வந்தால் இறக்கித் துடைத்து, உரிந்த ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி, திரும்ப மேலே வைப்பார். அதற்குப் பிறகு அவர் வேறு பெட்டி செய்யவில்லை. அப்பாவும் போகவில்லை, அத்தையும் வரவில்லை. நடுவில் கிடந்து அந்த மனிதர் தேய்ந்து போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஒரு மார்கழி மாதம் செத்துப்போனார். செத்துப்போன செய்தி ஜேடர்பாளையத்துக்குப் போனதும் அத்தை குடும்பத்தோடு கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. விடியற்காலைப் பனியில் மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பனிக்குத் தோல் தொய்ந்து போயிருந்தது, தீ மூட்டிக் காய்ச்சினால்தான் மேளத்தில் சத்தம் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர், எல்லாக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிற நல்ல மனிதர், சாளைக்குள் போய்ப் பரணில் கிடந்த பலகையை எல்லாம் ஒரே வாரலாக வாரிக்கொண்டு வந்து வாசலில் போட்டுத் தீ வைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது பழைய மரம்.

நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டும் என்று என்னைக் குளிப்பாட்டி ஈரத் துண்டோடு வெளியே அனுப்பினார்கள். மேளத்தைக் காய்ச்சுகிற தீயில், மரத்துக்கு வராத கரும்புகை வந்துகொண்டிருந்தது. ரேடியம் ஸ்டிக்கர் சுருங்கிச் சுருங்கி எரிந்தது. “அப்பா, பொட்டி!” என்று கத்தினேன். அப்பா ஓடி வந்து, கையில் அகப்பட்ட கழியால் ஒரு பெட்டியை வெளியே இழுத்தார். மூடி கரிந்து போயிருந்தது. முன்பக்கத்தில் ‘செந்’ வரைக்கும் எழுத்து மிச்சம் இருந்தது. அப்பா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். அந்த நேரத்தில் வேலிப் படல் பக்கத்தில் கார் வந்து நின்று, “அப்பா…” என்று அத்தையின் குரல் கேட்டது. அப்பா எழுந்தார். அதே கழியால் பெட்டியைத் தீக்குள் தள்ளினார். தள்ளிவிட்டுத்தான் தன் தங்கையைப் பிடிக்க ஓடினார்.

ஏன் தள்ளினார் என்று அவர் இருக்கும் வரை நான் கேட்டதில்லை. தங்கை பார்த்தால் தாங்க மாட்டாள் என்றா, தன் முகத்தை அவளிடம் எப்படிக் காட்டுவது என்றா, எனக்குத் தெரியாது. அண்ணனும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் மேளமே நின்றுவிட்டது. அப்பாரு உயிரோடு இருந்து கேட்டதை, பிணமாகக் கிடந்து வாங்கிக்கொண்டார். செந்திலும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நெய்ப்பந்தம் பிடித்தோம். அவன் அழவில்லை. அவனுக்கு அது யாரோ ஒரு கிழவரின் முகம்.

இப்போது லாரிகளுக்கு இரும்பில்தான் பாடி கட்டுகிறார்கள். பட்டறைகளில் வெங்காய வாசமும் இல்லை, கருவாட்டு வாசமும் இல்லை. நான் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். போன மாதம் செந்தில் தன் பையனை இங்கே ஒரு டாக்டரிடம் காட்ட வந்தவன், டோக்கன் போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் மகள் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருக்கிற என் பழைய பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உங்களுக்கெல்லாம் செஞ்சு குடுத்திருக்காரு. அப்புச்சிக்கு எங்க நெனப்பே இல்ல போல, மச்சான்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவன் அப்படிச் சிரிக்கக் கூடாது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி மறைத்து யாருக்கு என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். உரச் சாக்கு, ஆற்றங்கரை, அவன் அம்மா வேண்டாம் என்றது, பரண், தீ.

செந்தில் பெட்டியின் பித்தளை ஆணிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவன் பையன் வந்து போகலாமா என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். அதையும் அவன் கவனிக்கவில்லை.

“அம்மா உங்க ஊட்டுக்கு வந்தா, காப்பி குடிச்ச கையோட அந்தச் சாளைக்குள்ள போயிரும். அங்க நின்னு மேல பாத்துட்டே இருக்கும். என்னம்மா தேடறேன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்லும். எத்தன வருசமா, மச்சான்?”

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சாளையைப் பிரித்துப் போட்டபோது, அத்தை போன் செய்து, பரணில் ஏதாவது கிடந்ததா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “நல்லாப் பாத்தியா சாமி?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே போனை வைத்துவிட்டார். பழைய பாத்திரம் எதையோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“எரிஞ்சு போச்சுன்னு மட்டும் அம்மாகிட்டச் சொல்லிறாத” என்றான் செந்தில். “எங்கயோ கெடக்குதுன்னு நெனச்சுட்டே இருக்கட்டும்.” பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டான்.

பொங்கலுக்குத் தோட்டத்துக்கு வருகிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சாளை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துவதற்குச் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறோம். காப்பி குடித்துவிட்டு அவர் எழுந்தால் எங்கே போய் நிற்பார் என்று தெரியவில்லை.