கீரை அவித்த தண்ணீர்

என் கணவர் கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சலாதுக்குப் பச்சை இலை வெட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகித்தான் எங்கள் ஊர் அலுவிகாரைக்குத் திரும்பி வந்தார். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற நாட்களில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரிந்த மனிதரா அவர்? பழைய உர பேக்குகளில் மண் நிரப்பி, பச்சை, சிவப்பு, சுருட்டை என்று சலாது இலை வகைகளை விதைத்தார். வேலியோரம் பசளி போட்டார், சந்தையில் நிவிதி என்பார்களே, அது. குரங்குக்குப் பயந்து மேலே பழைய மீன்வலை ஒன்றைக் கட்டினார்.

அவருடைய அம்மா, என் மாமி, வாசலில் நின்று சிரிப்பார். "என்னடா, ஆடு வாங்கப் போறியா? பச்சையா இலை திங்க இந்த வீட்டுல யாரு இருக்கா?"

அதில் ஒன்றையும் என் கணவரால் தின்ன முடியாது என்பதுதான் கொடுமை. முதல் கிளினிக்குக்கு மாமிதான் கூடப் போனார். நர்ஸ் சிங்களத்தில் சொன்னதை வந்து அப்படியே ஒப்பித்தார். "பலா கன்ன எபாவாம். கீரை சாப்பிடவே கூடாதாம்." பிள்ளை நட்ட கீரையைப் பிள்ளைக்கே கொடுக்க முடியாமல் போயிற்றே என்று அன்று முழுக்க அழுதார்.

என் கணவரோ விடவில்லை. நத்தை பொறுக்குவார், களை பிடுங்குவார், இலையைக் கட்டுக் கட்டாக அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "நீங்க வாயில வைக்காத சாமானுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?" என்று கேட்பேன். "பாக்க நல்லா இருக்குல்ல," என்பார். பசளியை மாமி அவித்துக் கடைவார். அதை நானும் மாமியும் மட்டும் சாப்பிடுவோம்.

கொஞ்ச நாளில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கியது. இது ஏறினால் இதயம் நின்றுவிடும், வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கோபப்பட்டார். வந்து மாமியைக் கேட்டேன். கழுத்திலிருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு, "மாதா மேல சத்தியமா ஒரு இலை குடுக்கல புள்ள," என்றார். மாமி பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் இவர்தான் பாத்தியில் கிள்ளித் தின்கிறார் என்று இவரோடு சண்டை பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில், பேக்குகளில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று வெளியே போனவர், சலாதுக்கு நடுவே முகம் குப்புற விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவருக்கான பூசைக்குச் சாமான் வாங்கப் போனபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவியை பஸ்ஸில் கண்டேன். அவர்கள் வீட்டில் மரக்கறியை அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுப்பார்களாம். பொட்டாசியம் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுமாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, கீரையே கொடுக்கவில்லை என்றேன்.

பூசை முடிந்த பிறகு, பார்ப்பாரில்லாமல் படர்ந்து கிடந்த பசளியை நானே பறித்து அவித்தேன். தண்ணீரை வடித்து, வெளியே பீலிக் குழாயடியில் கொட்டப் போனேன்.

"ஐயோ, கொட்டாத புள்ள!" மாமி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. சாப்பிடத்தானே கூடாதுன்னாங்க? குடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. நீ கார்மென்ட் வேலைக்குப் போனதும் அவனுக்கு ஒரு கப் குடுப்பேன். என் மனசு நோகுமேன்னு மறுக்காம குடிப்பான்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அதுனாலதான் அவன் அத்தனை நாளாவது இருந்தான்."

கத்திவிட வேண்டும் போல இருந்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கி, உன் பிள்ளையை நீயே கொன்றாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் என்னைத் தவிர யாருமில்லை.

"ஆமா மாமி," என்றேன்.

தண்ணீரை என் கணவருடைய கப்பில் ஊற்றி மாமிக்குக் கொடுத்தேன். சிலுவை போட்டுவிட்டுக் குடித்தார். பாதியை எனக்கு வைத்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.