மூன்று மடையும் ஒரு பொத்தையும்

என் வீட்டுக்காரருக்கு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்துப் போன வருஷம், வயல் என் பொறுப்புக்கு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் தொடங்குகிற சமயம். மாமனாருக்குக் கண் தெரியாது, கட்டிலைவிட்டு எழுந்திருப்பதும் அபூர்வம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ரேந்தை, அதாவது லேஸ், பின்னத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்தத் தெரியும். வயலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு நெல் வரும் என்பதுதான்.

அந்த வருஷம் நெல் வரவில்லை. மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூப் போகத்து நெல், பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பதராகப் போனது. வரப்பில் நின்று ஒரு கதிரை உருவிப் பார்த்தேன். கையில் உமிதான் இருந்தது.

எங்கள் வயல் குளத்தின் கடைமடையில் இருந்தது. தலைமடை, நடுமடை, கடைமடை என்று அந்தக் குளத்துக்கு மூன்று மடைகள். பேச்சிப்பாறை அணையிலிருந்து வருகிற கால்வாய், குளத்து வாய் வரைக்கும் சர்க்காருடையது. குளத்துக்குள் விழுந்த பிறகு அந்தத் தண்ணீரை யார் பங்கு வைப்பது என்பதற்குச் சட்டம் ஒன்றும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. வழக்கம்தான் இருந்தது. மடையைத் திறந்து அடைக்கிறவர் தலைமடைப் பெரிய வீட்டு வேலையாள். அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவர் முதலில் எந்த வயலைப் பார்ப்பார்? தலைமடை நிரம்பி, நடுமடை நனைந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும்.

முன்பெல்லாம் மிச்சம் இருந்தது. இப்போது இல்லை என்பதற்குக் காரணம் குளத்துக்குள்ளேயே கிடந்தது. கோடையில் இறங்கிப் பார்த்தபோது முழங்கால் புதைகிற அளவுக்குச் செம்மண் படிந்திருந்தது. குளத்துக்கு மேற்கே ஒரு பொத்தை உண்டு, சின்னக் குன்று. அதன் சரிவில் காடு வெட்டி மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தார்கள். மழை பெய்தால் அந்தச் சரிவு மண் அத்தனையும் குளத்துக்குத்தான் வரும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே பொத்தைக்கு ஏறிப் போனேன். அங்கே ஒரு பெண் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், அய்யாவழிக் குடும்பத்துக்காரி, நெற்றியில் நாமம். சரிவுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அவளைத்தான் கையைக் காட்டுவார்கள்.

“அக்கா, ஒங்க மண்ணு எங்க குளத்தை மூடிட்டுல்லா?” என்றேன்.

அவள் நிமிராமலே, “எங்க மண்ணு போச்சேன்னு நான் அழுதுட்டு நிக்கேன். நீ அதை வாங்கி வச்சிக்கிட்டு எங்கிட்ட சண்டைக்கு வாறியா?” என்றாள்.

அவள் பிடுங்கிய செடியைத் தூக்கிக் காட்டினாள். கிழங்கு விரல் பருமன்தான் இருந்தது. மேல்மண் கழுவிப் போய், செடிகளின் வேர் வெளியே தெரிந்தது.

“குறுக்க ஒரு கையாலை கெட்டினா நிக்கும்,” என்றாள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி மண் அணைக்கிற சுவரைத்தான் கையாலை என்போம். “ஆனா அதுக்கு ஆளு வேணும், நாளு வேணும். நாங்க அண்ணைக்கு வேலைக்குப் போனாத்தான் அண்ணைக்குக் கஞ்சி. அந்தக் குளத்துல எங்களுக்கு ஒரு செம்பு வெள்ளம் பாத்தியம் உண்டா? இல்லைல்லா. பொறவு ஒங்க குளத்துக்கு நாங்க எதுக்குக் கல்லு சுமக்கணும்?”

திரும்பி இறங்கும்போது அவள்மீது கோபம் இல்லை. யார்மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஐப்பசி மழையில் விவகாரம் தலைமடைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரே பகலில் பொத்தைத் தண்ணீர் புது வழி உடைத்துக்கொண்டு வந்து பெரிய வீட்டு வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. நட்டு வேர் பிடித்த பயிர் மணலுக்குள் போயிற்று. அந்த வீட்டுக் காரணவரை, குடும்பத்து மூத்தவரை, ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் சர்க்காருக்கு மனு கொடுத்தார். மராமத்து இலாகாவிலிருந்து ஓவர்சியர் ஒருவர் சைக்கிளில் வந்தார், பத்மநாபபுரத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஊருக்குப் பிடிக்கவில்லை.

“சர்க்கார் கால்வாயை மட்டுந்தான் நோக்கும். குளமும் மலஞ்சரிவும் நிங்கள் நோக்கணும். மூணு மடைக்காரரும் சேர்ந்து ஒரு கமிட்டி உண்டாக்கி ஒப்பிட்டுத் தாருங்கோ. கமிட்டி உண்டெங்கில் கலுங்கு நன்னாக்க நான் மேலே எழுதலாம்.” ஒப்பு என்றால் கையெழுத்து, கலுங்கு என்றால் குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வழிகிற கல்கட்டு.

கமிட்டிக்கான முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தார்கள். கோயில் கதவு எல்லாருக்கும் திறப்பதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. நடுமடைக்காரர் பாதிப்பேரும், கடைமடைக்காரர் நாங்கள் அத்தனை பேரும் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றோம். உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. ஓவர்சியர் ஒருமுறை உள்ளே பார்த்தார், ஒருமுறை வெளியே பார்த்தார். “ஒப்பிடேண்டவர் பாதி பேர் ரோட்டில் நில்குன்னு,” என்றார். எங்கள் சபை மூப்பர் நம் ஜெபக்கூடத்தில் வைக்கலாமே என்றார். அங்கே பெரிய வீட்டார் வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். “குளத்தங்கரையில வைங்களேன். அது எல்லாருக்கும் பொதுதானே?” என்று நான் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனால் வேறு இடம் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படித்தான் நடுமடைப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் கூட்டம் கூடியது. அண்ணாச்சிக்கு ஒரு நாற்காலி வந்தது. மற்றவர்கள் மண்ணில் உட்கார்ந்தோம். பொத்தைக்காரர்கள் சிலர் கூப்பிடாமலே வந்து தள்ளி நின்றார்கள்.

முதல் கேள்வியிலேயே கூட்டம் நின்றுபோனது. யாருக்கு எத்தனை சொல், அதாவது ஓட்டு?

“கோட்டைக் கணக்குதான் நியாயம்,” என்றார் அண்ணாச்சி. நிலத்தைக் கோட்டை விதைப்பாடு என்றுதான் அங்கே அளப்போம். “நெலம் கூடினவனுக்குச் சொல்லும் கூடணும். குளத்து வேலை வந்தா வீட்டுக்கு ஒரு ஆளு வரட்டும்.”

“நெலமே குளத்துக்குக் கீழ இல்லாத எங்களுக்கு?” என்று தூரத்திலிருந்து கேட்டாள், நான் சண்டைக்குப் போன அந்தப் பொத்தைக்காரி.

“ஒங்களுக்கு இதுல என்ன காரியம்?” என்று ஒருவர் அதட்டினார். அவள் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பொத்தைக்கு ஏறிப் போய்விட்டாள். கையெழுத்துப் போடாமலே கூட்டம் கலைந்தது. ஓவர்சியர் சைக்கிளை உருட்டிக்கொண்டே, “அது நிங்கள் தீருமானிக்கேண்ட காரியம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வாரம் முழுக்க வேறு நினைப்பில்லை. கஞ்சி வடிக்கும்போதும் கோட்டைக் கணக்குதான். கடைசியில் ஒரு காலை நேரம் தலைமடை வயலுக்குப் போனேன். அண்ணாச்சியே மண்வெட்டி பிடித்து மணலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு வசதியான மனிதர் வேர்த்து விறுவிறுத்து நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினேன்.

“அண்ணாச்சி, சொல்லு கோட்டைக் கணக்குன்னா, வேலையும் கோட்டைக் கணக்குலதானே வரணும்? வீட்டுக்கு ஒரு ஆளுன்னா, ஒரு மரக்கால் வெதைக்கிறவனும் ஒரு ஆளு, நீங்களும் ஒரு ஆளா?”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “பள்ளிக்கூடத்துல இதைத்தான் படிச்சுக் குடுத்தாளுவளா பிள்ளே?”

“வேலை நெலத்துக்குத் தக்க இருக்கட்டும். தண்ணியும் நெலத்துக்குத் தக்க. சொல்லு மட்டும் மடைக்கு மடை சமமா இருக்கட்டும். பொத்தைக்கும் இடம் குடுங்க. இந்த மணலு எங்கேருந்து வந்துது?”

அவர் பொத்தையைப் பார்த்தார். பிறகு, “அவ கையாலை கெட்டுவாளா? கேட்டியா?” என்றார்.

கேட்டேன். அவள் கேட்டது இரண்டுதான். குளத்தில் வெட்டுகிற வண்டலைப் பொத்தைக்குச் சுமந்து போக வேண்டும், அது அவர்கள் மண்தான். “அப்பறம், எங்களைக் கேக்காம எங்க சரிவைப் பத்தி ஒண்ணும் முடிவு பண்ணப்பிடாது.”

அடுத்த கூட்டத்தில் எல்லாரும் ஒப்பிட்டோம். ஒவ்வொரு மடைக்கும் இரண்டு பேர், பொத்தைக்கு இரண்டு பேர். தலைவர் பதவி ஆண்டுக்கு ஒரு பக்கமாகச் சுற்றி வரும், முதல் ஆண்டு தலைமடைக்கு. மடை திறக்கிறவரைக் கமிட்டி வைக்கும், அறுப்பில் எல்லாரும் அவருக்கு நெல் அளப்பார்கள். தன் வழக்கில் யாரும் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதைச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் சபை மூப்பர்.

பிறகு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கடைமடைக்கு என்னைச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். மூப்பரையும் இன்னொரு ஆண்பிள்ளையையும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். “அந்தப் பெண் நல்லாப் பேசுவா, ஆனா கூட்டத்துல பொம்பளை எப்பிடி?” என்று பக்கத்து வயல்காரர் என் காது கேட்கவே சொன்னார். அதற்குள் பொத்தைக்காரர்கள் தங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி அந்தப் பொத்தைக்காரியேதான். அவர்கள் ஆளை அவர்கள் தேர்ந்தெடுப்பது என்று அப்போதுதான் எல்லாரும் ஒப்பிட்டிருந்தார்கள், மறுக்க வழியில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாசி அறுப்பு முடிந்து பங்குனியில் குளம் வெட்டினோம். பெரிய வீட்டு ஆட்கள்தான் அதிகம், கோட்டைக் கணக்கு. வண்டலைக் கடவத்தில் அள்ளி வரிசையாகக் கை மாற்றிப் பொத்தைக்கு ஏற்றினோம். பனையோலைக் கடவம் ஒழுகி, எல்லாருக்கும் தலைமுதல் சேறு. யார் எந்த மடை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சரிவில் கையாலைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழுந்தன. அவற்றின் ஓரத்தில் கைதைச் செடி, அதாவது தாழை, நட்டார்கள், வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும் என்று. ஓவர்சியர் சொன்னபடி கலுங்குக்கும் சர்க்கார் அனுமதி வந்தது.

அடுத்த போகமான கன்னிப்பூவில் சோதனை வந்தது. எங்கள் முறை நாளில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தால் தலைமடை திறந்து கிடந்தது. மடை திறக்கக் கமிட்டி வைத்த புது ஆள் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி வீட்டுலேருந்து சொன்னாவ. எப்பளும் உள்ளதுதானே?”

மரத்தடியில் கமிட்டி கூடியது. தலைவர் அண்ணாச்சி. வழக்கும் அவர் வீட்டின் மேல். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூப்பர்கூடத் தொண்டையைக் கனைத்தாரே தவிர வாய் திறக்கவில்லை. நான் வெளியே மற்றவர்களோடு நின்றிருந்தேன்.

பொத்தைக்காரி எழுந்தாள். அவளுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு பாத்தியம் இல்லை. “அண்ணாச்சி, இது ஒங்க வீட்டுக் காரியம். ஒப்பிட்டதுபடி நீங்க அந்த நாற்காலியில இருக்கப்பிடாது. எந்திரிச்சு இப்பிடி வந்து இருங்க. நடுமடைக்காரரு கேக்கட்டும்.”

அவர் முகம் சிவந்தது. வேலையாள் ஒருவர் கோபமாக முன்னே வந்தார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எழுந்தார். வேட்டியை இடுக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து மண்ணில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாம நடந்துது. ஆனா நடந்தது எங்க வீட்டுலதான்,” என்றார். அடுத்த முறையில் தலைமடை தன் பங்கைக் கடைமடைக்கு விட வேண்டும் என்று நடுமடைக்காரர் தீர்ப்புச் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வெற்றி கொண்டாடவில்லை. எனக்கென்னவோ அன்றுதான் கமிட்டி என்று ஒன்று உண்டானதாகத் தோன்றியது. நெல் அந்தப் போகத்தில் களம் வந்து சேர்ந்தது. அதிகம் இல்லை, ஆனாலும் நெல்.

இரண்டாம் ஆண்டு கடைமடைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கை தூக்கியவர்களில் பக்கத்து வயல்காரரும் இருந்தார். சுற்று முறை வந்தபோது பொத்தைக்காரி தலைவியானாள். நாற்காலி வேண்டாம் என்றாள், “எனக்குக் கால் தொங்கப் போட்டா மரத்துப்போவும்.” அவள் காலத்தில் பக்கத்து ஊர்க் குளத்துக்காரர்கள் எங்களிடம் விசாரித்துப் போக வந்தார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு எங்களில் ஆளுக்கு ஒரு கதை சொன்னோம், ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அவர்கள் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள்.

அன்றைய கூட்டத்தில் பேச்சு வாத்தைப் பற்றி. நடுமடையில் ஒருவர் வாத்து வளர்க்கத் தொடங்கியிருந்தார். அவை கரையைக் கிளறுகின்றன என்று கடைமடை முறையிட்டது. பூச்சியைத் தின்பது நல்லதுதானே என்றது தலைமடை. பொத்தைக்கு வாத்து எச்சம் எருவாக வேண்டும். வெயில் சாய்கிறவரை பேசினோம். வந்தவர்கள் கடைசிவரை எழுந்து போகவில்லை. அவர்களில் ஒருவர் தன்னை மறந்து, “முட்டையில கமிட்டிக்குப் பங்கு உண்டா?” என்று கேட்க, அதுவரை யாருக்கும் தோன்றாத அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.