அண்ணன் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை

மலைச்சரிவில் அவளுக்கு எல்லைக்காரி என்று பெயர். கோகோ கொள்முதல் கிடங்கில் வேலை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒரு தோட்டத்தின் ஓரமாகச் சுற்றி வந்தால் அதன் எல்லை படத்தில் பதிந்துவிடும். புதிதாகக் காடழித்த இடம் அந்த எல்லைக்குள் இருந்தால், தோட்டத்துக் கொட்டை மொத்தத்தையும் யாரும் வாங்கக் கூடாது என்று நாட்டில் சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆளாளுக்குச் சாக்குச் சொல்வார்கள். அவள் மசிய மாட்டாள். பிடிவாதத்துக்குச் சம்பளம் என்றால் என்றைக்கோ மாடிவீடு கட்டியிருப்பாள்.

அன்றைக்கு அண்ணன் தோட்டம். அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். இன்றும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. வழக்கம்போல நிலத்துக்காரர் முன்னால், அவள் பின்னால். முன்பெல்லாம் நிலத்தின் அளவைப் பார்த்துத்தான் இலவச உரம் கொடுத்தார்கள். அந்த ஆசை விடுமா? மனிதர் பழைய தோட்டத்தோடு நிற்காமல் மேலே ஏறி, கருகிய அடிமரங்களையும் வளைத்துப் பெரிய சுற்றாக நடந்து முடித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

“இது எப்ப வெட்டினது அண்ணே?”

“போன மாசம்தான். நிறைய காட்டினா நல்லதுதானே?”

வீட்டில் அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாத சட்டத்தை அவள் மறுபடி சொன்னாள். அண்ணன் முகம் வாடிவிட்டது.

“அப்ப அந்தப் படத்தை அழிச்சிட்டு, கீழ மட்டும் திரும்பச் சுத்தி வா. யாரு பாக்கப் போறா?”

“நான் பாத்துட்டேனே.”

“வருஷம் பூரா காய்ச்சது மூட்டையில கிடக்கு. உன் அண்ணியும் பிள்ளைங்களும் என்னத்தைச் சாப்பிடுவாங்க?”

“மேல வெட்டினதைக் காட்டுக்கே விட்டுடு. மரக்கன்னு நட்டுக் காட்டினா, அடுத்த சீசன்ல கீழ்த் தோட்டத்துச் சரக்கை எடுத்துப்பாங்க. இந்த வருஷம் போனது போனதுதான்.”

“வளத்ததுக்கு நல்லாத்தான் செய்றே. இனிமே வீட்டுப் பக்கம் வராதே.”

அவள் படத்தைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். அண்ணன் என்று கண்டும் காணாமல் விட்டால் மறுநாளே சரிவு முழுக்க ரம்பச் சத்தம் கேட்கும், பிறகு யாரிடமும் அவளால் வாய் திறக்க முடியாது.

மறுநாள் பக்கத்துத் தோட்டம். அங்கே மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு தயாராக நின்றார். தோட்டக்காரர் அவளைக் கேட்டார்: “உங்க அண்ணன் சரக்கையே நிறுத்திட்டியாமே, நிஜமா?”

“நிஜம்தான்.”

அவர் ரம்பக்காரர் பக்கம் திரும்பி, “நீங்க கிளம்புங்க. இங்க வேலை இல்லை” என்றார்.

அவள் சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் இனி சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுப் பக்கம் போக முடியாது. கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், அழுதுகொண்டே அந்தத் தோட்டத்தைச் சுற்றி முடித்தாள்.