மொட்டைமாடிச் சருகு

பழைய ஆஸ்பத்திரியை மூடியபோது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அக்காவை மட்டும் வாசல் காவலுக்கு விட்டுவைத்தார்கள். அவளோ ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் மொட்டைமாடி ஏறி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்த சருகையெல்லாம் அள்ளிப்போடுவாள்.

“இடிக்கப்போற கட்டடத்துக்கு எதுக்குடி இந்தப் பாடு?” என்றார் கணவர்.

“இடிக்கிறப்ப இடிக்கட்டும். அதுவரைக்கும் ஒழுகக் கூடாது.”

ஒன்பது வருஷம் கழித்து, இடித்துவிடலாம் என்று எழுதிக்கொடுக்க வந்த இன்ஜினியர் அறை அறையாகத் தட்டிப் பார்த்தார். ஒரு சுவரிலும் ஈரமில்லை. கட்டடம் பிழைத்தது, மாணவியர் விடுதியானது.

திறப்பு விழாவில் தலைவர் முழங்கினார்: “ஒன்பது வருஷமா யாருமே கவனிக்கல. தானா நின்னிருக்கு பாருங்க!”

“ஆமாமா, தானாத்தான் நின்னுச்சு” என்று பின்வரிசையில் நொடித்துக்கொண்ட அக்கா, கறுத்து வந்த வானத்தைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.