அண்ணனின் கை மணம்

கொழும்பில் பல்கலைக் கல்லூரியில் என்னோடு படித்த சிலர் மட்டக்களப்பில் ஒரு தேநீர் விருந்துக்குக் கூடினோம். ஒருவர் நீதவான், ஒருவர் டாக்குத்தர், விருந்து வைத்த தோழி தலைமையாசிரியை. நான் மட்டும் ஒன்பது மாதக் குழந்தையின் தாய்.

உலக யுத்தகாலம், பெற்றோல் தட்டுப்பாட்டில் பஸ் ஓடவில்லை. வாவி கடந்து என்னையும் குழந்தையையும் தோணியில் கொண்டுவந்தவர் என் அண்ணன். அப்பா இறந்ததும் நான் படிக்கவேண்டுமென்று தன் படிப்பை விட்டு வலை வீசப் போனவர். முற்றத்து நிழலில் குழந்தையை அவர்தான் வைத்திருந்தார்.

தோழி சன்னலால் பார்த்தாள்.

“ஆரடி அது, புள்ளையத் தூக்கிட்டு நிக்கிறது?”

“தோணிக்காரன்” என்றேன்.

“தோணிக்காரனிட்டயா புள்ளையக் குடுப்பாய்? மீன் வெடில் பிடிச்சிப் புள்ளையும் நாறும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே போய்க் குழந்தையை வாங்கி, அண்ணன் முத்தமிட்ட கன்னத்தை அவர் கண்முன்னாலேயே கைக்குட்டையால் துடைத்தேன்.

திரும்பும்போது குழந்தை மாமாவிடம் தாவியது. அண்ணன் துடுப்பை விடவில்லை.

“கை மணக்கும் தங்கச்சி. நீயே வெச்சிரு.”

அவர் குத்திப் பேசவில்லை. உண்மையென்று நம்பிச் சொன்னார்.

அவசரத்தில் வாய் தவறியது என்று பலதடவை எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்தது எந்த அவசரத்தில்?

இப்போது அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவுகிறார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.