குலவைக்காரியின் நாக்கு

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும் என்று புதுக்கோட்டையில் என்னோடு வேலை பார்க்கும் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆளை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்காக வாய்வழியே டியூப் போட்டுவிட்டால், அது உதட்டை அழுத்தினாலும் நாக்கை நசுக்கினாலும் அவர்களால் சொல்ல முடியாது. அவர்களுக்காகக் கத்த ஒருத்தி வேண்டாமா? அந்த ஒருத்தி நான்தான், மயக்க மருந்து டாக்டர்.

ஜெகதாப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் முதுகு ஆபரேஷனுக்கு வந்திருந்தார். முதல் நாள் பார்க்கப் போனேன். மற்றவர்களைப் போல, பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை.

"டாக்டரம்மா, வாய்க்குள்ள கொழா விடுவீங்களாமே. நாக்குக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"ஏன் கேக்குறீங்க?"

"எங்கண்ணன் மகளுக்குத் தை பொறந்தா கல்யாணம். தாலி கட்டையில அத்தக்காரி நாந்தான் மொதக் குலவ போடணும். நான் போட்டா கடக்கர வரைக்கும் கேக்கும். முதுகு எக்கேடும் கெட்டுப் போகட்டும், நாக்கு நல்லா இருக்கணும்."

பக்கத்தில் நின்ற கல்யாணப்பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "நடக்குறதுக்கு ஆபரேஷன் பண்ண வந்துட்டு, பேசுற பேச்சப் பாருங்க!" எனக்கு அந்த அக்காவை அப்போதே பிடித்துவிட்டது.

ஆபரேஷன் அன்று பல்லுக்கு நடுவே மெத்தென்று துணிச்சுருள் வைத்து, டியூப் உதட்டில் அழுந்தாதபடி ஒட்டி, அவரைக் குப்புறத் திருப்பினோம். குப்புறக் கிடந்தால் முகம் வீங்கும், நாக்கும் தடிக்கும். அதனால் அடிக்கடி மேஜைக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். "தோடு கீடு தொலஞ்சு போச்சா மேடம்?" என்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் கிண்டலடிப்பார்.

அன்றும் குனிந்தேன். பகீரென்றது. துணிச்சுருள் நழுவியிருந்தது. நாக்கு நுனி பல்லுக்கும் டியூபுக்கும் நடுவே சிக்கி, நாவல்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

"இந்த ஒரு ஸ்குரூ மட்டும் மேடம்..."

"ஒங்க ஸ்குரூ எங்கயும் ஓடிப் போகாது. கைய எடுங்க!"

நல்லவேளை, எடுத்துவிட்டார். நர்ஸ் தலையைத் தாங்கிக்கொள்ள, நான் தரையில் மல்லாந்து படுத்தேன். பிளாஸ்திரியைப் பிரித்து, நாக்கை விடுவித்து, டியூபை மறுபக்க உதட்டோரத்துக்கு மாற்றி, புதுத் துணிச்சுருளை அழுத்தமாக வைத்தேன். பார்த்துக்கொண்டே கிடந்தேன். மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. அப்பாடா! ஆனாலும் பல் பதிந்த தடம் போகவில்லை. வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நுனியில் லேசான வீக்கம், அவ்வளவுதான். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப குலவ வருமா, வராதா?"

"வரும். ஆனா இப்பப் போடாதீங்க, தொண்ட ஆறட்டும்."

என் பேச்சைக் கேட்டால்தானே! வாயைக் குவித்து நாக்கைச் சுழற்றினார். வெறும் காற்றுதான் வந்தது. கல்யாணப்பெண்ணின் முகம் செத்துப்போனது. அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நாக்கைச் சுழற்றினார்.

வந்தது! கரகரவென்று தொடங்கி, கணீரென்று ஏறி, வார்டே அதிர்ந்தது.

ஒற்றைக் குலவையை அநாதையாக விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. காலில் கட்டோடு கிடந்த பக்கத்துக் கட்டில் அம்மா எதிர்க்குலவை போட்டார். காரணமே தெரியாமல் வராந்தாவில் கஞ்சித்தூக்கோடு நின்றவர்கள் போட்டார்கள். ஆபரேஷன் டாக்டர் அலறியடித்து ஓடிவந்தார். கல்யாணப்பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"சும்மா நின்னா எப்புடி டாக்டரம்மா? நீங்களும் போடுங்க" என்றார் அக்கா.

எனக்குக் குலவை போடத் தெரியாது. போட்டேன்.