மாத்தேரான் மேட்டில் காலித் தூக்கு

1986, மழை ஓய்ந்த முதல் ஞாயிறு. நேரலிலிருந்து மாத்தேரான் மலைக்கு மூன்று முறை ஏறி இறங்கும் ஓட்டம். பொழுது சாய்வதற்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும். முந்தைய ஆண்டு மூன்றாவது ஏற்றத்தில், வயிறு காலியாகிக் கண் இருட்டி, ஜீப்பில் கீழே இறக்கப்பட்டேன். செம்பூரில் என் அலுவலகம் அந்த ஜீப்பைப் பற்றியே பல மாதம் பேசிற்று. இந்த முறையும் முடிக்காவிட்டால் ஓட்டத்தையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

சாப்பாட்டுக்கு அவரவர் ஆட்களை அவரவரே அழைத்து வர வேண்டும். எனக்கு இருவர். மாட்டுங்காவில் எங்களோடு இருந்த என் மனைவியின் தம்பி ஒருவர்; தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலி நண்பர் மற்றவர். மைத்துனர் பொறுப்பில் ஒரு பெரிய தூக்கு நிறையத் தயிர்சாதம். நண்பர் பொறுப்பில் ஒரு கேன் உப்புப் போட்ட எலுமிச்சை நீர். வண்டிகள் நிற்கும் மேட்டில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். முதல் சுற்றில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

இரண்டாவது முறை மேலே வந்தபோது தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"சாதம் எங்கே?"

"நீங்க லேட்டா வரேள், அத்திம்பேர்," என்றார் மைத்துனர். "முன்னாடி வந்தவா எல்லாம் ஜமுக்காளத்தையே பாத்துண்டு போறா. சாதத்தை வெச்சுண்டு சும்மா உக்காந்திருக்க முடியுமா? ஒருத்தர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிண்டார்!"

"தண்ணீர்?"

"அதுவும் கலாஸ்வே," என்றார் நண்பர். "வாசலுக்கு வந்தவன இல்லன்னு அனுப்பச் சொல்லுதீரா?"

"இது வாசலா? மலை!"

"சத்தம் போடாதேயும். மூச்ச மிச்சம் பிடியும், இன்னும் ஒரு ஏத்தம் கெடக்குல்லா."

அந்த இறக்கம் முழுவதையும் கோபத்திலேயே ஓடினேன். கோபம் மூன்றாவது ஏற்றத்தின் பாதி வரைதான் வந்தது. போன வருடம் ஜீப் வந்து நின்ற அதே வளைவில் முழங்கால் மடங்கிற்று. பாறையில் உட்கார்ந்தேன்.

எதிரே யாருக்காகவோ காத்திருந்த ஒரு மராத்தி அம்மாள் எழுந்து வந்தார். "தஹி-சாவல்வாலோங்கா ஆத்மி?" தயிர்சாதக்காரர்களின் ஆளா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு டப்பா அவல் போஹாவைக் கையில் வைத்தார். அதற்கு மேல் வளைவுக்கு வளைவு ஆள். ஒருவர் வாழைப்பழம், ஒருவர் சர்க்கரைத் தண்ணீர். என்னை எப்படி அடையாளம் தெரிகிறது என்று ஒருவரிடம் கேட்டேன். கடைசியில் முறைத்துக்கொண்டே ஒருவர் வருவார், அவர்தான் எங்கள் ஆள் என்று என் நண்பர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம்.

வெயில் மரநுனியில் இருந்தபோது கீழே வந்து முடிவுக் கோட்டைத் தொட்டேன். கணக்கில் சேர்ந்தது. கைதட்ட அங்கே யாரும் இல்லை. முடித்தவர்கள் எல்லோரும், அதற்குள் இறங்கி வந்திருந்த என் ஆட்கள் இருவரையும் சூழ்ந்து நின்றார்கள். மைத்துனர் தயிர்சாதத்துக்குத் தாளிக்கும் விதத்தை இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

நேரல் பிளாட்பாரத்தில் லோக்கலுக்குக் காத்திருந்தபோது ஓட்டத்தை நடத்தியவர் என்னைத் தேடி வந்தார். பாராட்டப்போகிறார் என்று கால் வலியோடு எழுந்து நின்றேன்.

அடுத்த வருடம் நான் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் இருவரையும் மறக்காமல் அனுப்பிவைக்க வேண்டும் என்றார்.